தரையில் பறவைக் குஞ்சு கிடந்தால்: தூக்குவதா, விட்டுவிடுவதா?

தென்னந்தோப்பிலோ, அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ ஒரு பறவைக் குஞ்சு தரையில் உட்கார்ந்திருக்கிறது. வால் குட்டையாக இருக்கிறது. பறக்கத் தெரியவில்லை. கிட்டப் போனால் வாயை அகலத் திறக்கிறது. சுற்றிலும் தாய்ப்பறவை எதையும் காணோம். என்ன செய்வீங்க?

நம்மில் பலர் முதலில் அதைத் தூக்குவோம். பிறகு ஒரு ஷூ பெட்டி தேடி, ஃபில்லரில் தண்ணீர் விட்டு, வீட்டில் என்ன இருக்கோ அதைக் கொஞ்சம் ஊட்டி, கடைசியாகத்தான் கூகுளில் தேடுவோம். இந்த வரிசையே தலைகீழ். குஞ்சைத் தொடுவதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும்: அதன் உடம்பில் இறகு இருக்கிறதா?

இறகு இருந்தால், காயமும் இல்லையென்றால், பெரும்பாலும் அதை அங்கேயே விட்டுவிடுவதுதான் சரி. அது அநாதை இல்லை. பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பேருமே பக்கத்து மரத்தில் இருப்பாங்க. நீங்க நகர்வதற்காகக் காத்திருப்பாங்க.

‘குஞ்சு’ என்ற ஒரே சொல்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் மொழி. முட்டையிலிருந்து இன்றைக்கு வெளிவந்ததும் நமக்குக் குஞ்சுதான், கூட்டைவிட்டு நேற்று குதித்ததும் குஞ்சுதான். தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைக்கு பார்ப்பு, பிள்ளை என்று இரண்டு பெயர் சொல்கிறது. ‘கிளிப்பிள்ளை’ இன்றும் பேச்சில் இருக்கு. ஆனால் கூட்டில் இருக்கும் வயசு, கூட்டைவிட்டு இறங்கிய வயசு என்று பிரித்துச் சொல்ல நாம் அன்றாடம் புழங்கும் சொல் இல்லை. ஆங்கிலத்தில் முதலாவது நெஸ்ட்லிங், இரண்டாவது ஃபிளெட்ஜ்லிங். இந்தக் கட்டுரைக்காகக் கூட்டுக்குஞ்சு, தரைக்குஞ்சு என்று வைத்துக்கொள்வோம்.

கூட்டுக்குஞ்சுக்குத் தோல் தெரியும். ஆங்காங்கே பஞ்சு மாதிரி முடி, அல்லது குச்சி குச்சியாக முளைக்கும் இறகு மட்டும் இருக்கும். கண் மூடியிருக்கலாம். நிற்க வராது, வயிறு தரையில் படும். இது தரையில் கிடந்தால் தவறி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு உங்க உதவி வேணும்.

தரைக்குஞ்சு அப்படி இல்லை. உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கும். வால் மட்டும் வெட்டிவிட்ட மாதிரி குட்டை. வாயோரம் மஞ்சளாகத் தடித்திருக்கும். விரலிலோ குச்சியிலோ பிடித்து உட்காரும், தத்தித் தத்திப் போகும், சிறகை அடிக்கும், ஓரடி எழும்பி விழும். பார்க்க ‘உடம்பு சரியில்லை’ போலத்தான் தெரியும். அது சரியாகத்தான் இருக்கு.

பறக்கத் தெரியாமல் ஏன் இறங்குகிறது?

கூடு பாதுகாப்பான இடம் என்று நாம் நினைக்கிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் அது உண்மையில்லை. மூன்று நான்கு குஞ்சுகள் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருந்தால் பாம்புக்கும் காக்காவுக்கும் பூனைக்கும் அது விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. ஒரு தடவை கண்டுபிடித்தால் மொத்தக் குடும்பமும் போச்சு. ஆளுக்கொரு புதரில் பிரிந்து உட்கார்ந்தால் ஒன்று போனாலும் மற்றது பிழைக்கும்.

அமெரிக்காவில் 18 பாடும் பறவை இனங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் பெரும்பாலான இனங்களில், கூட்டிலேயே இருந்திருந்தால் இருக்கும் ஆபத்தைவிட வெளியே வந்த குஞ்சுக்கு ஆபத்து அதிகமாகவே இருந்தது. ஆனாலும் பெற்றோர்கள் சீக்கிரம் வெளியேற்றத்தான் பார்க்கின்றன. தனிக் குஞ்சின் கணக்கும் குடும்பத்தின் கணக்கும் வேறு வேறு. இதைப் படிக்கும்போது கொஞ்சம் நெஞ்சை உறுத்தும்தான். தரையில் நீங்கள் பார்க்கும் குஞ்சு எல்லாமே பிழைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நம் கையில் அது பிழைக்கும் வாய்ப்பு அதைவிடவும் குறைவு என்பதுதான் விஷயம்.

கூட்டில் இருக்கும் காலமும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. புல்புல் என்கிற சின்னான் சுமார் 12 நாளில் வெளியேறிவிடும். சிட்டுக்குருவிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், மைனாவுக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல், காக்காவுக்கு மூன்று நான்கு வாரம். அதற்குப் பிறகும் பல நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் வைத்துத்தான் பெற்றோர் ஊட்டும்.

நம்ம ஊரில் நீங்கள் பார்க்கக்கூடியவை

பூவார் பக்கம் நெய்யாறு கடலில் சேரும் கழிமுகம், அலையாத்தி மரங்கள், தென்னை, அங்கங்கே மிச்சமிருக்கும் பனை. இடவப்பாதி மழைக்கு முந்தைய மாதங்களில் பல பறவைகள் குஞ்சு பொரிக்கும். தேங்காய் வெட்டு, ஓலை வெட்டு, கோடை இடிமழை எல்லாம் அதே நேரத்தில் நடக்கும். கூடு விழுவதற்கு வேறென்ன வேணும்?

காக்காக் குஞ்சை அடையாளம் காண்பது சுலபம்: நீங்க கிட்டப் போனதுமே தலையில் கொத்து விழும். பெற்றோர் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. காக்கா ஊட்டும் குஞ்சு காக்கா மாதிரியே இல்லாமல், உடம்பெல்லாம் புள்ளியாக இருந்தால் அது குயில். காக்காக் கூட்டில் வளர்ந்தது. ‘ஐயோ, காக்கா கொத்துது’ என்று காப்பாற்றப் போகாதீங்க. முதலில் கொத்துகிறதா ஊட்டுகிறதா என்று பாருங்க.

குளத்தோரம், தோட்டுக்கரையில் கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி ஓடும் குஞ்சு கம்புள் கோழியுடையது. வயல்வெளியில் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்திருப்பது ஆட்காட்டிக் குஞ்சாக இருக்கலாம். இவை பொரித்த கொஞ்ச நேரத்திலேயே நடக்க ஆரம்பிக்கும் இனங்கள். இவற்றுக்குக் கூட்டுக்குஞ்சுப் பருவமே கிடையாது. பஞ்சு முடியோடு தரையில் இருப்பதுதான் இயல்பு. ‘தொலைந்துபோன கோழிக்குஞ்சு’ என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால் குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு வகைகளுக்கு இந்த விதி பொருந்தாது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க.

ஒன்று, பனை உழவாரன். பனையோலையின் அடியில் எச்சிலையும் இறகையும் ஒட்டிக் கூடு கட்டும் சின்னப் பறவை. ஓலை வெட்டினால் கூடும் சேர்ந்து வந்துவிடும். உழவாரன்களுக்குக் கால் மிகக் குட்டை, அதனால் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். தரையில் பழகும் பருவமும் அவற்றுக்கு இல்லை. ஆகவே தரையில் கிடக்கும் உழவாரனுக்கு, இறகு முழுசாக இருந்தாலும், உதவி தேவை. மேலே தூக்கி எறிந்தால் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

இன்னொன்று, கூட்டமாக ஒரே மரத்தில் கூடு கட்டும் கொக்கு, நீர்க்காகம், நாரை. உயரத்திலிருந்து விழுந்த குஞ்சைத் தேடி இவை தரைக்கு வந்து ஊட்டுவது அரிது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பால்பாண்டி பல வருஷங்களாக, மரத்திலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்ததுக்குக் காரணம் இதுதான். அவர் செய்ததை நாம் வீட்டில் செய்துவிடலாம் என்று தோன்றலாம். அது சரணாலயத்துக்குள், மற்ற பறவைகளின் நடுவில், அனுபவத்தோடு நடந்த வேலை. நம்ம வேலை வனத்துறைக்குத் தகவல் சொல்வது. கொக்குக் குஞ்சை எடுக்க நேர்ந்தால் முகத்தைத் தள்ளி வைங்க. அதன் அலகு நேராகக் கண்ணைக் குறி வைக்கும்.

தரைக்குஞ்சு என்றால்

முதலில் பின்னால் நகருங்க. நாலடி இல்லை, நன்றாகத் தள்ளி. முடிந்தால் வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்க. நாயைக் கட்டுங்க. பூனையை, நம்ம பக்கம் சொல்கிற பூச்சையை, ஒரு நாள் உள்ளே அடைத்து வைங்க. குஞ்சுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பெரும்பாலும் இதுதான்.

ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்துப் பாருங்க. பெற்றோர் வந்து ஊட்டிவிட்டுப் போவது சில நொடிக் காரியம். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே கவனித்தால் தவறவிடுவீங்க.

குஞ்சு ரோட்டு நடுவிலோ பைக் டயருக்கு முன்னாலோ இருந்தால் தாராளமாகத் தூக்கலாம். பக்கத்திலேயே ஒரு புதர், தாழ்ந்த கிளை, மதில் ஓரச் செடி என்று குரல் கேட்கும் தூரத்தில் வைத்தால் போதும். பெற்றோர் அதன் குரலை வைத்துத்தான் தேடும்.

‘மனுஷன் தொட்டா தாய் சேர்க்காது’ என்று பாட்டிமார் சொல்வது உண்மையா? இல்லை. பறவைகளுக்கு வாசனையே தெரியாது என்பதும் தவறுதான். ஆனால் நம் கைவாசனை பட்டது என்பதற்காகப் பெற்றோர் குஞ்சைக் கைவிடுவதில்லை. வாரக்கணக்கில் உழைத்து வளர்த்த குஞ்சு அது. குழந்தைகள் கூட்டைக் கலைக்காமல் இருக்கப் பெரியவர்கள் சொன்ன பொய்யாக இருக்கும் என்பது என் ஊகம். அந்த வேலையை அது நன்றாகவே செய்திருக்கு. ஆனால் விழுந்த குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைக்காமல் போவதற்கும் அதே பொய்தான் காரணமாகிறது.

கூட்டுக்குஞ்சு என்றால்

கூடு தெரிகிறதா, எட்டுகிறதா? வைத்துவிடுங்க, அவ்வளவுதான். வைக்கும் முன் குஞ்சு சூடாக இருக்கிறதா என்று பாருங்க. சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் மூடி முதலில் சூடாக்கணும்.

கூடு பிய்ந்துபோயிருந்தால் மாற்றுக் கூடு கட்டலாம். சின்ன ஓலைப்பெட்டி, மூங்கில் கூடை எதுவானாலும் சரி. மழைத்தண்ணி வடிய அடியில் ஓட்டை இருக்கணும். விழுந்த கூட்டின் மிச்சத்தையோ காய்ந்த புல்லையோ உள்ளே போட்டு, அதே மரத்தில், வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில் கட்டிவிடுங்க. பச்சைப்புல் வேண்டாம், ஈரம் குளிரடிக்கும். கட்டிவிட்டு விலகுங்க. பெற்றோர் வருகிறதா என்று இரண்டு மணி நேரம் பாருங்க. வந்தால் உங்க வேலை முடிந்தது.

எப்போது உடனே எடுக்கணும்?

ரத்தம், தொங்கும் சிறகு, எறும்பு மொய்த்தல், தலை சாய்ந்து சுற்றுதல், பெற்றோர் இறந்து பக்கத்தில் கிடப்பது. இதெல்லாம் பார்த்தாலே தெரியும். தெரியாத ஒன்று பூனைக்கடி. பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சின் மேல் கீறலே இல்லாவிட்டாலும் அது அவசர கேஸ். பூனையின் பல்லில் இருக்கும் பாக்டீரியா ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக உள்ளே போய் ஓரிரு நாளில் கொன்றுவிடும். கால்நடை மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் வேணும். மஞ்சள் பூசுவது, எண்ணெய் தடவுவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு சூட்டைப் பிடித்து வைக்காது.

எடுத்த குஞ்சுக்கு முதல் தேவை சாப்பாடு இல்லை. சூடு, இருட்டு, அமைதி. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய பருத்தித் துணி, ஒரு ஓரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைத்து துணி சுற்றிய பாட்டில். பெட்டியை மூடிவிடுங்க. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பதும், செல்ஃபியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் குஞ்சுக்குப் பயம்தான். நம்மைப் போல அது பயத்தைச் சத்தம் போட்டுக் காட்டாது. பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. கேரளத்தில் பறவைக்காய்ச்சல் பல முறை வந்துபோயிருக்கு. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் தகவல் மட்டும் சொல்லுங்க.

ஃபில்லரில் தண்ணீர் கொடுப்பதைத் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் நல்ல மனசோடு குஞ்சுகளுக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல் அதுதான். பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடிப்பக்கத்திலேயே திறந்திருக்கும். வாயில் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தேவையான ஈரம் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். பாலும் வேண்டாம், பாலூட்டி அல்லாத உயிரின் வயிற்றுக்கு அது ஒத்துக்காது. பிஸ்கெட், பிரெட், சோறு எதுவும் வேண்டாம்.

‘சரி, நானே வளர்த்துப் பறக்கவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பூச்சி தின்னும் சின்னப் பறவையின் கூட்டுக்குஞ்சுக்கு 20 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊட்டணும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை 12 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 24 முதல் 36 தடவை. அதுவும் அந்த இனத்துக்கு உரிய சாப்பாடு. ஸ்டாண்ட்-அப் மீட்டிங், லஞ்ச், அடுத்த கால் என்று போகும் நாளில் இது நடக்கிற காரியமா? ஊட்டிப் பிழைத்தாலும், மனுஷனைத் தாயாக நினைத்து வளர்ந்த மைனாவுக்கு இரை தேடவும் தெரியாது, பூனையைக் கண்டு பயப்படவும் தெரியாது.

வீட்டில் வைத்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் துப்பாக்கி மட்டும் அர்த்தமில்லை. பிடிப்பதும் வேட்டை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட அதற்குள் வரும். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களில் பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. சிறை மூன்று வருஷம் வரை. காக்காவைத் தொல்லை உயிரினமாக வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையும் அதில் நீக்கப்பட்டது.

பச்சைக்கிளி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்ட தென்னையின் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பது சாதாரண விஷயம் என்று இன்றும் நினைப்பவர்கள் நிறைய. இந்தியக் காட்டுப்பறவைகளின் வணிகம் 1990-91 முதலே தடைசெய்யப்பட்டது. வீட்டுக் கூண்டில் இருக்கும் நாட்டுக்கிளியும் சட்டவிரோதம்தான். லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டு இனங்கள் வேறு கதை.

காயம்பட்ட குஞ்சை எடுத்து ஒப்படைப்பவரைத் தண்டிக்க எழுதிய சட்டமில்லை இது. காட்டுயிர் கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ சொல்லணும் என்கிறது 39-ஆம் பிரிவு. அந்தக் கெடுவைத் தாண்டி ‘கொஞ்சம் தேறட்டும்’ என்று வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மரம் வெட்டும்போது

இதுவரை சொன்னது ஒரு குஞ்சு, ஒரு வீடு. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டம் வி.கே. படியில் எடுத்த ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தச் சாலையோர மரம் ஒன்று சாய்க்கப்பட்டது. அதில் நீர்ப்பறவைக் கூடுகள் நிறைந்திருந்தன. மரம் விழுந்த வேகத்தில் குஞ்சுகள் டஜன் கணக்கில் செத்தன. கேரள வனத்துறை வழக்குப் பதிந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போவதும் அதே 66-தான்.

இதற்கு நேரெதிரான சம்பவம் 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் நடந்தது. தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டிருந்ததால், குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. நம்மிடம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. தென்னை ஏறுபவரை வரச் சொல்லும் முன் மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது, கூடு இருந்தால் அந்த ஒரு ஓலையை, அல்லது பட்ட மரத்தை, மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடுவது.

யாருக்கு போன் பண்ணணும்?

எல்லைப் பகுதியில் இது நிஜமான குழப்பம். பாறசாலையில் கிடைத்த குஞ்சுக்கு வைத்தியம் பார்க்க மார்த்தாண்டம் பக்கமாகத் தோன்றலாம்; மொழியும் வசதி. ஆனால் காட்டுயிர் எந்த மாநிலத்தில் கிடைத்ததோ அந்த மாநில வனத்துறைதான் பொறுப்பு. குஞ்சோடு செக்போஸ்ட் தாண்டாதீங்க. பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்றால் கேரள வனத்துறையின் இலவச எண் 1800 425 4733. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம். வேலைக்காகச் சென்னையில் இருப்பவர்கள் வனத்துறையோடு ப்ளூ கிராஸையும் அழைக்கலாம்.

போனில் ‘ஒரு குருவி கிடக்கு’ என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் பெரிதாக எதுவும் நடக்காது. இறகு இருக்கா இல்லையா, காயம் என்ன, பூனை கடித்ததா, எத்தனை மணிக்கு எந்த மரத்தடியில் கிடைத்தது, இப்போ பெட்டியில் இருக்கா என்று சொல்லுங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்து வைங்க. இனம் தெரிந்தால் அவர்கள் முடிவெடுப்பது எளிது. கிடைத்த இடத்தின் லொக்கேஷனையும் சேமித்துக்கொள்ளுங்க. குஞ்சு தேறினால் திரும்பக் கொண்டுவிட வேண்டிய இடம் அதுதான். ராத்திரி ஆகிவிட்டால் பெட்டியை மூடி, எறும்பு ஏறாத உயரத்தில் வைத்து, பாட்டில் தண்ணீரை மட்டும் ஒன்றிரண்டு தடவை மாற்றி, விடிந்ததும் முதல் போன் போடுங்க.